களக்காடு, மாலை 5.20

மேல்காற்று அடித்த மூன்றாம் நாள்
வாழைக்குள் போனேன்.
போவதற்கு வழியில்லை,
வழியின் மேலேயே வயல் படுத்திருந்தது.

ஏத்தன். ஒன்பதாம் மாதம்.
கழுத்தொடிந்தவை, இடுப்பொடிந்தவை,
வேரோடு சாய்ந்து
முட்டுக்கம்பையும் கூடவே இழுத்துப் போட்டவை.
தார்கள் மண்ணில் குத்தியிருந்தன.
பால் வடிந்து காய்ந்த இடமெல்லாம் கறுப்பு.

என் வேலை சின்னது.
நஷ்டஈட்டுக் கோப்புக்குப் படம்.
ஆளுக்கு நாலு,
மூலையில் தேதி, நேரம், அட்சரேகை.
அதற்கு முன் மூன்று வருஷம்
வண்ணார்பேட்டையில் கல்யாண ஆல்பத்துக்காக
"கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லித் திரிந்தவள்.
இங்கே வந்தபின்
"சிரிக்காதீங்க" என்று சொல்லவேண்டியிருக்கிறது.
கேமராவைப் பார்த்தால் சனம் சிரித்துவிடுகிறது.
இடிந்த வீட்டின் முன்னால் நின்றும்
சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துவிட்டுச்
சிரிக்கிறது.

சொரிமுத்து சிரிக்கவில்லை.
படத்தில் அவருக்கு இடமே இல்லை.
பட்டா வேறு பெயரில்,
பாட்டம் வாய்ப்பேச்சில்.
பட்டாக்காரர் பாளையங்கோட்டையிலிருந்து காரில் வந்தார்.
கதவைத் திறந்துவிட்டவர் சொரிமுத்து.

"இங்ஙன நில்லுங்க சார்,
இந்தப் பக்கந்தான் சேதம் கூட."
இடம் காட்டியதும் அவர்தான்.
ஒடிந்த தார்களில் பெரிதாக ஒன்றைத் தூக்கி
சாரின் காலருகே சாய்த்தார்.
அதில் அப்பியிருந்த சேற்றைத்
துண்டால் துடைத்தார்.
துடைக்காதீங்க என்றேன்.
கையை எடுத்துக்கொண்டார்.

சார் கெட்டவரில்லை.
கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார்,
கடைசியில் இடுப்பில் வைத்தார்.
சோகத்தை வரவழைத்துப் பார்த்தார்.
பல்வலி மாதிரிதான் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் தள்ளிக்கிடுங்க."
சொரிமுத்து தள்ளினார்.
"இன்னும்."
மேற்கு வரப்பு வரை தள்ளினார்.
எடுத்தேன்.

திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது.
மலைக்கு இறங்கிக்கொண்டிருந்த வெயில்
அவரை நீளமாக இழுத்துச்
சாய்ந்த மரங்கள்மேல் போட்டிருந்தது.
மரத்துக்கு மரம் மடங்கி, நெளிந்து,
துண்டைப் பிடித்த கை
பட்டாக்காரரின் செருப்பில் போய் முடிந்தது.
நாலு படத்தில் அந்த ஒன்றில்தான்
வயலுக்கு யாரோ ஒருத்தர் இருந்தார்.

அனுப்பினேன்.
பத்து நிமிஷத்தில் பதில்:
நிழல் விழுகிறது. வேறு எடுக்கவும்.

வேறு எடுத்தேன்.
சுத்தமாக வந்தது.
யாருக்கும் எதுவும் நேராத வயல்.

கார் போனபிறகு கிட்டே வந்தார்.
"மொதல்ல எடுத்தியள்லா,
அதைப் பாக்கலாமா?"
போனைக் கொடுத்தேன்.
நிழலைக் காட்ட விரல் நீட்டினேன்.
அவர் அதைக் கவனிக்கவில்லை.
இரண்டு விரலால் விரித்து விரித்து
படத்தின் பின்மூலைக்குப் போய்விட்டார்,
நான் பார்க்காத இடத்துக்கு.

அங்கே ஒரு வாழை நின்றிருந்தது.
முட்டுக்கூட இல்லாமல்.
தாரோடு.

"இது தெரியுதுல்லா?"
தெரியுது என்றேன்.
"இதுக்குப் பணத்தைக் கொறைச்சிருவாவளோ?"
தெரியலை என்றேன்.

மறுபடி குனிந்தார்.
படம் உடைந்து புள்ளிபுள்ளியாகும் வரை விரித்தார்.
உதடு மட்டும் அசைந்தது.
"ஆறு சீப்பு" என்றார்.

பயந்துகொண்டே பெருமைப்பட்ட
அந்த முகத்தை
ஒரு கல்யாண மண்டபத்திலும் நான் பார்த்ததில்லை.
எடுத்திருக்கவேண்டும்.
போன் அவர் கையில் இருந்தது.
அவர் இன்னும்
பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.